எவ்வளவு கடன் என்பதை நீயே முடிவு செய்

வில்லியனூர்

அன்புள்ள பாப்பாவுக்கு,

பெரியப்பா எழுதுகிறேன். பிரான்ஸில், லியோனில் மாஸ்டர் படிக்க இடம் கிடைத்துவிட்டது என்று உன் அப்பா போனில் சொன்னான். ரொம்ப சந்தோஷம். கரியமாணிக்கத்தில் நம் வீட்டிலிருந்து கடல் தாண்டிப் படிக்கப் போகும் முதல் பிள்ளை நீ. அதே பேச்சில், பேங்க்கில் எவ்வளவு கொடுத்தாலும் வாங்கிவிடலாம் என்றும் சொன்னான். அதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. பல வருஷம் பேங்க்கில் கல்விக் கடன் பார்த்தவன் என்கிற உரிமையில் சொல்கிறேன். எவ்வளவு கொடுப்பார்கள் என்பது அவர்கள் கணக்கு. எவ்வளவு வாங்கலாம் என்கிற கணக்கை நீதான் போட வேண்டும்.

முதலில் கட்டணம். பாண்டிச்சேரியில் சொல்தா வீட்டுப் பிள்ளைகள் சொல்வதைக் கேட்டு ஏமாந்துவிடாதே. 1962-இல் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைத்துக்கொண்ட குடும்பங்கள் அவை. அந்தப் பிள்ளைகளுக்கு அரசுப் பல்கலைக்கழகத்தில் மாஸ்டர் படிக்க 2025-26-இல் வருஷத்துக்கு 254 யூரோ. இந்திய பாஸ்போர்ட் வைத்திருக்கும் உனக்கு அதே வகுப்புக்கு 3,941 யூரோ. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து போகிறவர்களுக்கு 2019 முதல் இப்படித் தனிக் கட்டணம். ஆனால் இதைத் தள்ளுபடி செய்யும் அதிகாரம் பல்கலைக்கழகங்களுக்கு உண்டு. பல இடங்களில் செய்கிறார்கள், கேட்டவர்களுக்குத்தான் கிடைக்கிறது. உன் துறைக்கு இன்றே மெயில் போடு. பதில் எழுத்தில் வர வேண்டும். யூரோவை ரவுண்டாக 100 ரூபாய் என்று வைத்தாலும், இரண்டு வருஷத்தில் ஏழு லட்சத்துக்கு மேல் வித்தியாசம்.

கட்டணத்தைவிடச் சாப்பாடும் வாடகையும்தான் பெரிய செலவு. விசாவுக்கு மாதம் 615 யூரோ காட்டச் சொல்கிறார்கள். அது காட்டுவதற்கான தொகை. லியோனில் இருக்க 900 யூரோவாவது வேண்டும் என்று வைத்துக்கொள். முதல் மாதம் இதற்கெல்லாம் மேலே போகும். அறைகலனோடு உள்ள அறைக்கு இரண்டு மாத வாடகை வரை அட்வான்ஸ் கேட்கலாம். வீட்டுக் காப்பீடு தனி. சேர்க்கைக்கு முன்பே கட்ட வேண்டிய மாணவர் வரி 2025-26-இல் 105 யூரோ. போர்வையும் குக்கரும்கூட அங்கே போய்த்தான் வாங்குவாய். ஜாமீன் கையெழுத்துக்கு அங்கே ஆள் இல்லையே என்று கவலைப்படாதே. விசால் என்ற இலவச உத்தரவாதம் இருக்கிறது, வீடு பார்க்கும் முன்பே விண்ணப்பித்துவிடு. கையில் 2,500 யூரோ இல்லாமல் விமானம் ஏறாதே.

பார்ட் டைம் வேலையை முதல் வருஷக் கணக்கில் சேர்க்கவே சேர்க்காதே. வருஷத்துக்கு 964 மணி நேரம் வேலை செய்யச் சட்டம் அனுமதிக்கிறது, ஆனால் பிரெஞ்சு பேசாதவளைக் கடையில் யார் நிறுத்துவார்கள்? உன் வகுப்பு ஆங்கிலத்தில் நடக்கலாம், ஊர் நடக்காது. 1889-லிருந்து அலியான்ஸ் பிரான்சேஸ் நம் பாண்டிச்சேரியிலேயே இருக்கிறது. இங்கே பஸ்ஸில் போய்ப் படிக்கிற பிரெஞ்சுதான் அங்கே உனக்குச் சம்பளமாகத் திரும்பி வரும். இரண்டாம் வருஷ இன்டர்ன்ஷிப்புக்கும் அதுவே கைகொடுக்கும். இரண்டு மாதத்துக்கு மேற்பட்ட இன்டர்ன்ஷிப்புக்கு அங்கே சட்டப்படி பணம் தர வேண்டும், முழு நேரத்துக்கு மாதம் 600 யூரோவுக்குக் குறையாது.

உதவித்தொகையில், பிரெஞ்சுத் தூதரகத்தின் ஷார்பாக்குக்கு நீயே விண்ணப்பிக்கலாம். ஐஃபெலுக்குப் பல்கலைக்கழகம்தான் உன் பெயரை அனுப்ப வேண்டும், அதையும் கேள். உன்னோடு படித்த எஸ்சி பிள்ளைகளிடம் மத்திய அரசின் தேசிய வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகையைப் பற்றிச் சொல். குடும்ப வருமானம் வருஷத்துக்கு 8 லட்சத்துக்குள் இருந்தால் போடலாம். நம் பக்கத்தில் பல வீடுகளுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

இனி கடன். 20 லட்சம் 10 சதவீத வட்டிக்கு எடுத்தால், படிக்கிற இரண்டு வருஷமும் அதற்கு மேல் ஒரு வருஷமும் தவணை கட்ட வேண்டாம் என்பார்கள். வட்டி மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். முழுத் தொகையையும் முதலிலேயே எடுத்தால் மூன்று வருஷத்தில் அது 26 லட்சம். பத்து வருஷத்துக்கு மாதத் தவணை 34,000-க்கு மேல். 15 லட்சத்தோடு நிறுத்தி, வட்டியை மாதாமாதம் கட்டிவந்தால் தவணை 20,000-க்குள் நிற்கும். அங்கே வேலை கிடைக்காமல் நீ திரும்பி வந்தாலும், சென்னையில் வாங்கும் முதல் சம்பளத்தில் இதைக் கட்டிவிடலாம். அதற்கு மேல் ஒரு ரூபாய்கூட வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். பொதுத்துறை பேங்க்குகள் பலவற்றில் பெண் பிள்ளைகளுக்கு அரை சதவீதம் வட்டி குறைவு, கேட்டு வாங்கு. பிஎம் வித்யாலட்சுமி திட்டம் உள்நாட்டுக் கல்லூரிகளுக்கு மட்டும், அதை நம்பி இருக்காதே.

ஏழரை லட்சத்துக்கு மேல் போனால் பொதுவாக அடமானம் கேட்பார்கள். விவசாய நிலத்தைப் பெரும்பாலும் எடுக்க மாட்டார்கள். கடன் நின்றுபோனால் பேங்க் சொத்தைக் கையகப்படுத்த உதவும் சர்ஃபாசி சட்டம் அந்த நிலத்துக்குச் செல்லாது. பேங்க்கில் முடியாது என்றதும், நிலத்தை வைத்து வெளியே வட்டிக்கு வாங்கலாம் என்று உன் அப்பாவிடம் யாராவது சொல்வார்கள். அதற்கு மட்டும் விடாதே. அழுதாவது தடுத்துவிடு. என் வில்லியனூர் வீட்டுப் பத்திரம் இருக்கிறது. அதை வைக்கலாம், பெரியம்மாவும் சம்மதித்துவிட்டாள்.

தள்ளுபடி கிடைத்தால் மொத்தச் செலவு 23 லட்சத்தில் முடியும். கடன், உன் அப்பாவின் சீட்டுப் பணம், கடைசி ஆறு மாத இன்டர்ன்ஷிப் என்று சமாளித்துவிடலாம். கிடைக்காவிட்டால் 30 லட்சத்தைத் தொடும். அப்போது இந்த வருஷம் போகாதே. ஒரு வருஷம் இங்கேயே வேலை பார்த்துக்கொண்டு பிரெஞ்சில் பி2 நிலை முடித்து, தள்ளுபடி தரும் பல்கலைக்கழகங்களுக்கு மட்டும் மறுபடி விண்ணப்பி. பக்கத்து வீட்டில் என்ன கேட்பார்கள் என்று அம்மா தயங்குவாள். அவளிடம் நான் பேசுகிறேன்.

அன்புடன்,
பெரியப்பா