பாட்டும் கணக்கும்: அமெரிக்கத் தென்பகுதிப் பாடகர்களின் வாழ்க்கை நூல்கள்

சென்ற பொங்கல் விழாவில் நம் சங்கத்துப் பெரியவர்கள் சிலர் மேடையேறி அவரவர் ஊர்ப் பெருமையைப் பேசினோம். நானும் பேசினேன். விருத்தாசலத்துக்குப் பக்கத்தில் எங்கள் கிராமம், முந்திரித் தோப்பு, மல்லாட்டைக் கொல்லை, களை எடுத்துக்கொண்டே என் அக்கா பாடும் பாட்டு என்று எல்லாவற்றையும் சொன்னேன். நல்ல கைதட்டல். வீடு திரும்பும்போது ஆட்டோவில் பதினொரு வயதுப் பேத்தி கேட்டாள்: "ஊரு அவ்ளோ நல்லா இருந்துச்சுன்னா, நீங்க ஏன் தாத்தா அங்கேர்ந்து வந்தீங்க?"

"வேலைக்காகம்மா" என்று சொல்லிவிட்டேன். அது பொய்யல்ல. ஆனால் அவள் கேட்டதற்கு அது பதிலுமல்ல. அந்தக் கேள்விக்கு ஒழுங்காக விடை சொல்ல எனக்கு வழி காட்டியவை, நம்ப மாட்டீர்கள், அமெரிக்காவின் தென் மாநிலங்களில் பிறந்த பாடகர்களைப் பற்றிய சில புத்தகங்கள். ஓய்வு பெற்ற பிறகு ஒன்றன்பின் ஒன்றாகப் படித்தேன். அவற்றைப் பற்றி வாசக அன்பர்களுக்குச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். நான் சங்கீதம் கற்றவன் அல்லன். டிப்ளமா முடித்து, தண்டவாளப் பராமரிப்பிலேயே 38 ஆண்டுகள் கழித்தவன். எனவே இதை ஒரு ரயில்வேக்காரனின் படிப்பு என்றே கொள்ளவும்.

கண்ட்ரி மியூசிக் என்பது எது?

டென்னசி, கென்டக்கி, ஆர்கன்சா, மிசிசிப்பி முதலிய தென் மாநிலங்களின் குடியானவர்கள், சுரங்கத் தொழிலாளர்கள், மில் தொழிலாளர்கள் வீட்டுத் திண்ணையிலும் தேவாலயத்திலும் பாடிவந்த பாட்டுகள்தாம் இதற்கு அடிப்படை. பிரிட்டனிலிருந்து குடியேறியவர்கள் கொண்டுவந்த கதைப்பாடல்களும் பிடிலும், ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் பாட்டு முறையும் பாஞ்சோ வாத்தியமும் அதில் கலந்தன. 1920-களில் கிராமபோன் கம்பெனிகளும் ரேடியோ நிலையங்களும் அதை வியாபாரமாக்கின. நாஷ்வில் நகரத்து ரேடியோ நிலையம் ஒன்று 1925-ல் தொடங்கிய வாராந்தர நிகழ்ச்சி 'கிராண்ட் ஓல் ஆப்ரி' என்ற பெயரில் இன்றும் நடக்கிறது.

இந்த இசைக்கு முதன்முதலில் முழுமையான வரலாறு எழுதியவர் பில் மலோன். நூல் 1968-ல் வெளிவந்தது. அவர் டெக்சாஸ் மாநிலத்தில் குத்தகைக்குப் பருத்தி பயிரிட்ட குடும்பத்தில் பிறந்தவர். வீட்டில் பேட்டரி ரேடியோவில் கேட்டு வளர்ந்த பாட்டைப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிப் பொருளாக எடுத்துக்கொண்டார். இந்தப் பாட்டுகளைப் பாடியவர்களின் தொழில், நிலம், கடன் ஆகியவற்றைத் தெரிந்துகொள்ளாமல் பாட்டு விளங்காது என்பதை நான் அவரிடம்தான் கற்றேன்.

தண்ணீர் தூக்கிய பையன்

நான் முதலில் வாங்கியது ஜிம்மி ராட்ஜர்ஸ் பற்றிய புத்தகம். அவர் ரயில்வேக்காரர் என்பதற்காகவே வாங்கினேன். 1897-ல் பிறந்தவர். தகப்பனார் ரயில் பாதைக் கும்பலுக்கு ஃபோர்மேன். நம் ஊர்க் கணக்கில் ஏறக்குறைய மேட் என்று சொல்லலாம். தாயை இளமையிலேயே இழந்த பையன், பாதையில் வேலை செய்த கறுப்பினத் தொழிலாளர்களுக்குத் தண்ணீர் தூக்கிக்கொண்டு அவர்கள் பாட்டைக் கேட்டு வளர்ந்தான்.

அது என்ன பாட்டு என்று எனக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 13 மீட்டர் நீளமுள்ள 52 கிலோ ரகத் தண்டவாளம் ஒன்று 676 கிலோ எடை. கோணிப்போன பாதையை நேராக்க எட்டு, பத்துப் பேர் கடப்பாரையை ஊன்றி ஒரே நொடியில் நெம்ப வேண்டும். ஒருவர் முந்தினாலும் பிந்தினாலும் பாதை நகராது, கை போகும். அதனால் ஒருவர் அடி எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் கடைசிச் சொல்லில் சேர்ந்து தள்ளுவார்கள். அமெரிக்காவிலும் இப்படித்தான், சத்தீஸ்கரில் என் கீழ் வேலை செய்த கேங்குகளிலும் இப்படித்தான். கடப்பாரையைப் போலப் பாட்டும் அங்கே ஒரு வேலைக் கருவி.

ராட்ஜர்ஸ் பின்னால் பிரேக்மேன் ஆனார். ஓடும் சரக்கு வண்டியின் கூரைமேல் ஏறி நடந்து கைப்பிரேக்குச் சக்கரத்தைத் திருகுவதும், வண்டிகளை இணைப்பதும் அந்த வேலையில் உண்டு. 1924-ல் காசநோய் கண்டு ரயில் வேலையை விட வேண்டிவந்தது. 1927 ஆகஸ்டில் பிரிஸ்டல் என்ற ஊரில் முதல் இசைத்தட்டு. அதன்பின் ஆறு ஆண்டுகளுக்குள் நாடறிந்த பாடகர். 1933-ல் நியூயார்க்கில் கடைசிப் பதிவின்போது பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே கட்டிலில் படுத்து மூச்சு வாங்கினார். இரண்டு நாள் கழித்து இறந்தார், வயது 35. உடல் ரயிலில்தான் ஊர் திரும்பியது.

இவரைப் பற்றி இரண்டு நூல்கள் முக்கியமானவை. ஒன்று, மனைவி கேரி 1935-ல் எழுதியது. மற்றொன்று, நோலன் போர்ட்டர்ஃபீல்ட் 1979-ல் எழுதியது. முதல் நூலில் அன்பு இருக்கிறது. இரண்டாவதில் ஆவணச் சோதனை இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் மனிதர் தெரிகிறார்.

பருத்திக் காட்டில் ஒரு திங்கட்கிழமை

ஜானி கேஷ் 1932-ல் ஆர்கன்சாவில் பிறந்தவர். பொருளாதார வீழ்ச்சிக் காலத்தில், நொடித்துப்போன விவசாயிகளுக்காக அமெரிக்க அரசு டைஸ் என்ற இடத்தில் குடியேற்றம் ஒன்றை அமைத்தது. சுமார் 500 குடும்பங்கள். கேஷ் குடும்பம் 1935-ல் அங்கே போனது. 20 ஏக்கர் நிலம், ஒரு வீடு, ஒரு கோவேறு கழுதை கிடைத்தன. எல்லாம் பின்னால் அடைக்க வேண்டிய கடன். நிலமோ காடும் சதுப்புமாகக் கிடந்தது. திருத்தித்தான் பருத்தி போட வேண்டும். ஐந்து வயதில் வயலுக்குத் தண்ணீர் கொண்டுபோன பிள்ளை, சில ஆண்டுகளில் பருத்தி மூட்டை இழுக்கத் தொடங்கினான்.

1937-ல் வந்த வெள்ளத்தை வைத்து அவர் 1959-ல் ஒரு பாட்டு வெளியிட்டார். கேட்பவர்கள் சிரித்து ரசிக்கும்படியான துள்ளல் பாட்டு அது. ஆனால் 1997-ல் வந்த அவருடைய தன்வரலாற்றில் வேறொரு விஷயம் இருக்கிறது. 1944-ல் அவருடைய அண்ணன் ஜாக், வீட்டுக்கு நாலு காசு கொண்டுவரச் சனிக்கிழமையில் மரம் அறுக்கப் போய், ரம்பத்தில் அடிபட்டு, சில நாள் கழித்து இறந்துபோனான். ஞாயிற்றுக்கிழமை அடக்கம். திங்கட்கிழமை காலை, பிள்ளையைப் புதைத்த தாய் உட்படக் குடும்பம் முழுவதும் பருத்திக் கொல்லையில் களை கொத்தப் போனது என்று எழுதுகிறார். களை காத்திருக்காது, கடனும் காத்திருக்காது. நான் அந்தப் பக்கத்தோடு அன்று புத்தகத்தை மூடிவிட்டேன். எனக்கு என் அக்காவின் ஞாபகம் வந்தது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

நீக்கப்பட்ட சரணங்கள்

லொரெட்டா லின் 1932-ல் கென்டக்கி மலைப்பகுதியில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மகளாகப் பிறந்தவர். எட்டுப் பிள்ளைகளில் இரண்டாமவர். மணமானதும் கணவரோடு நாட்டின் மறு கோடியிலுள்ள வாஷிங்டன் மாநிலத்துக்குப் போனார். உறவில்லாத அந்த ஊரில், கணவர் 17 டாலருக்கு வாங்கிக் கொடுத்த கிட்டாரில் தானே பழகிப் பாட ஆரம்பித்தார். நம்மைப் போல் ஊர் விட்டுப் போன பிறகுதான் அவருக்கும் ஊர்ப்பாட்டு வாயில் வந்தது. சுரங்கத் தூசியால் நுரையீரல் கெட்டிருந்த தகப்பனார் 1959-ல் காலமானார். மகளின் முதல் இசைத்தட்டு 1960-ல்தான் வந்தது.

தகப்பனாரைப் பற்றி அவர் எழுதிய பாட்டு 1970-ல் வெளியாயிற்று. பாட்டு மிக நீளம் என்று தயாரிப்பாளர் சொன்னதால் சில சரணங்களை நீக்க வேண்டியிருந்தது. ஓர் இசைத்தட்டுப் பக்கத்தில் மூன்று நிமிடத்துக்கு எவ்வளவு அடங்கும்? 1976-ல் பாட்டின் பெயரிலேயே தன்வரலாறு எழுதினார். 1980-ல் அது திரைப்படமாகவும் வந்தது. பாட்டில் அடங்காத குளிரும் பசியும் சுரங்கக் கூலியும் கணவரின் குடியும் புத்தகத்தில் வருகின்றன.

ஆனால் புத்தகத்தையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. தமக்கு 13 வயதில் மணமானதாக லொரெட்டா சொல்லிவந்தார். 2012-ல் செய்தியாளர்கள் பிறப்பு, திருமணப் பதிவேடுகளைப் பார்த்தபோது அவருக்கு அப்போது 15 வயது என்று தெரிந்தது. பதினைந்திலும் அவர் சிறுமிதான், பட்ட கஷ்டமும் மெய்தான். இருந்தாலும் பதிவேட்டைப் பார் என்பது ரயில்வேயில் எங்களுக்குக் கற்பித்த முதல் பாடம். இங்கும் அது பொருந்துகிறது. லொரெட்டா 2022-ல் தமது 90-வது வயதில் காலமானார்.

ரயிலை ஊதிக் காட்டியவர்

இந்த நூல்களில் யார் இல்லை என்றும் பார்க்க வேண்டும். கேஷ் குடும்பம் போன டைஸ் குடியேற்றத்தில் வெள்ளையருக்கு மட்டுமே இடம். ராட்ஜர்ஸுக்குப் பாட்டுக் கொடுத்த கேங்மேன்களுக்குப் புத்தகம் கிடையாது. அந்தக் குறையைக் கொஞ்சம் தீர்ப்பது டிஃபோர்டு பெய்லி பற்றி 1991-ல் வந்த நூல்.

பெய்லி டென்னசிக் கிராமத்தில் 1899-ல் பிறந்த கறுப்பினத்தவர். மூன்று வயதில் போலியோ. பள்ளிக்குப் போகும் வழியில் ரயில் பாலத்தடியில் நின்று வண்டிச் சத்தத்தைக் கேட்டு, அதையே மௌத் ஆர்கனில் ஊதிக்கொண்டு போவாராம். ஓர் எக்ஸ்பிரஸ் வண்டி தூரத்தில் வருவது, நெருங்குவது, கடந்து மறைவது எல்லாம் அந்தச் சின்ன வாத்தியத்தில் வரும். அந்த ரேடியோ நிகழ்ச்சிக்கு இன்றைய பெயர் வைக்கப்பட்ட 1927 இரவில் வாசித்தவர் அவர்தான். ஆனால் சுற்றுப்பயணத்தில் மற்றவர்கள் தங்கும் ஓட்டலில் அவருக்கு அறை கிடையாது, சாப்பாடும் கிடையாது. 1941-ல் நிகழ்ச்சியிலிருந்து நீக்கினார்கள். அதன்பின் பல ஆண்டுகள் பூட்ஸ் துடைக்கும் கடை வைத்துப் பிழைத்தார். 1982-ல் இறந்தார். கண்ட்ரி மியூசிக் பெருமக்கள் வரிசையில் அவரைச் சேர்த்தது 2005-ல்.

அவர் கதையைக் கேட்டு எழுதிய டேவிட் மார்ட்டன், நகர வீட்டுவசதித் துறை ஊழியர். பெய்லி குடியிருந்த அரசுக் குடியிருப்பில் சந்தித்துப் பழகி, சொன்னதையெல்லாம் பதிவு செய்தார்; பிறகு இசை வரலாற்றாசிரியர் சார்லஸ் வுல்ஃபோடு சேர்ந்து நூலாக்கினார். அலுவலக வேலை பார்க்கும் ஒருவர் பொறுமையாக உட்கார்ந்து கேட்டதால் ஒரு வாழ்க்கை அழியாமல் நின்றது.

நமக்கு என்ன பாடம்?

இந்நூல்களிலிருந்து நான் கற்றது இதுதான். பாட்டு ஊரின் இனிமையைச் சொல்லும். எவ்வளவு நிலம், யாருடைய நிலம், என்ன கூலி, எவ்வளவு கடன், யார் செத்தார்கள், யாரை உள்ளே விடவில்லை என்ற கணக்கைப் புத்தகம் சொல்லும். இரண்டும் சேர்ந்தால்தான் பிள்ளைகளுக்கு உண்மை போய்ச் சேரும். ஊர் விட்டு வந்த நாம் பாட்டை மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். அதனால்தான் பேத்தி கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

ஆகவே கணக்கையும் சொல்லிவிடுகிறேன். என் தகப்பனார் ரயில்வேயில் கீமேன். தினமும் பாதை நெடுக நடந்து கீ இறுக்குவது அவர் வேலை. சொந்த நிலம் இரண்டு ஏக்கர் மானாவாரி. நான் பாலிடெக்னிக்கில் சேர்ந்தபோது அம்மாவின் தோடு அடகுக்குப் போனது, மீளவில்லை. அதற்கு முன்பே அக்காவின் படிப்பு நின்றுவிட்டது. அவள் களை எடுத்துக்கொண்டே பாடினாள் என்று மேடையில் சொன்னேனே, அது கூலிக்கு எடுத்த களை. அந்தப் பாட்டைப் பாடிய நேரத்தில் அவள் பள்ளிக்கூடத்தில் இருந்திருக்க வேண்டியவள். இதை நான் எந்த மேடையிலும் சொன்னதில்லை.

போன மாதம் அக்காவுக்குப் போன் செய்து, ஸ்பீக்கரில் போட்டு, பேத்தியைப் பக்கத்தில் உட்கார வைத்தேன். "எத்தனாவதோட நிறுத்துனாங்க அத்தப்பாட்டி?" என்று அவள் கேட்டாள். "எட்டாவது பாதியில கண்ணு. டீச்சர் ரெண்டு தடவ வூட்டுக்கு வந்து கூப்புட்டாங்க. ஒங்க தாத்தன் படிக்கணும்ல" என்றாள் அக்கா. கூலி என்ன, எத்தனை மணிக்கு வயலில் இறங்குவார்கள், எந்தத் தெருக்காரர்களுக்குத் தனிக் குவளை வைத்திருந்தார்கள் என்று எல்லாம் சொன்னாள். பேத்தி நோட்டில் எழுதிக்கொண்டாள். கடைசியில் அந்தக் களைப் பாட்டைப் பாடச் சொன்னோம். இரண்டு அடி பாடிவிட்டு, மூச்சு வாங்குகிறது, மிச்சம் நாளைக்கு என்றாள்.

வாசக அன்பர்களே, உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் பாட்டைக் கேளுங்கள். கூடவே கணக்கையும் கேட்டு, தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அச்சில் வராவிட்டாலும் பரவாயில்லை. ஏன் வந்தோம் என்று பேரப்பிள்ளைகள் கேட்கும்போது எடுத்துக் கொடுக்க வீட்டில் அது இருக்கட்டும்.