ஈரமானி பழுதா? கணக்கு காட்டிக் கொடுக்கும்

நிலக்கடலையில் பூக்கும் பருவமும் விழுது மண்ணில் இறங்கும் பருவமும் மிக முக்கியமானவை. அச்சமயம் மேல் மண் காய்ந்து இறுகினால் விழுது இறங்காது, காய்பிடிப்பு குறையும். தெளிப்பு நீர்ப் பாசனம் அமைத்துள்ள விவசாயிகளில் சிலர், சென்சார் எனப்படும் ஈரமானியை மண்ணில் பதித்து, ஈரம் குறைந்ததும் மோட்டார் தானே ஓடும்படி செய்துள்ளனர். இது நல்ல வசதியே. ஆனால் ஈரமானி பழுதானால் காய்ந்த நிலத்தையும் ஈரம் என்றே காட்டக்கூடும். மோட்டார் ஓடாது. பயிர் வாடிய பிறகுதான் பழுது தெரியவரும்.

இன்னொரு கருவி போதுமா?

இரண்டு ஈரமானிகள் வெவ்வேறு அளவு காட்டினால், எது சரி என்று சொல்ல இயலாது. மூன்று இருந்தால்தான் ஒத்துப்போகும் இரண்டை நம்பி மற்றதை ஒதுக்கலாம். விமானங்களில் இம்முறை உண்டு. சிறு விவசாயிக்கு இச்செலவு கட்டுபடியாகாது. இதற்கு மாற்று வழி கணக்கு. கருவி இன்று எவ்வளவு காட்ட வேண்டும் என்பதைக் கம்ப்யூட்டரால் கணித்து, அது காட்டும் அளவுடன் ஒப்பிட்டுப் பழுதைக் கண்டறியும் முறை 1970-களிலேயே விமானத் துறையில் ஆராயப்பட்டது. அதையே வயலிலும் கையாளலாம். மென்பொருள் உள்ள கட்டுப்பாட்டுப் பெட்டி இதைத் தானே செய்யும். கைபேசியிலோ நோட்டுப் புத்தகத்திலோ விவசாயியே கணக்குப் போடவும் முடியும்.

கணக்கிடும் முறை

நிலத்தின் ஈரமும் வரவு செலவுக் கணக்கே. மழையும் பாசனமும் வரவு. ஆவியாவதும் பயிர் உறிஞ்சுவதும் செலவு.

ஆவியாதல் மானியில் ஒரு நாளில் 7 மி.மீ. நீர் குறைந்ததாகக் கொள்வோம். இதை 0.7 ஆல் பெருக்கினால் 4.9 மி.மீ. நிலத்தை மூடி வளர்ந்த நிலக்கடலைக்கு இதை மேலும் 1.15 ஆல் பெருக்க வேண்டும். அன்றைய செலவு சுமார் 6 மி.மீ.

வேர்ப்பகுதி 30 செ.மீ. ஆழம் எனில், 3 மி.மீ. நீர் மண்ணின் ஈரத்தை 1 சதவீதம் மாற்றும். எனவே மழையோ பாசனமோ இல்லாத நாளில் ஈரம் சுமார் 2 சதவீதம் குறைய வேண்டும். 12 மி.மீ. நீர் பாய்ச்சினால் 4 சதவீதம் கூட வேண்டும்.

ஓர் உதாரணம்

திங்களன்று ஈரம் 24 சதவீதம். மோட்டார் 18-இல் ஓடும்படி அமைக்கப்பட்டுள்ளது. கணக்குப்படி செவ்வாய் 22, புதன் 20, வியாழன் 18. ஆனால் ஈரமானி காட்டியது முறையே 24, 24, 23. வித்தியாசம் 2, 4, 5 என்று வளர்கிறது. புதனன்றே சந்தேகப்பட்டிருந்தால், வியாழனன்று கையால் மோட்டாரை இயக்கிப் பயிரைக் காப்பாற்றிவிடலாம்.

ஒருநாள் வித்தியாசத்தைக் கண்டு பதற வேண்டியதில்லை. கருவி புதிதாக, சரியாக இருக்கும்போதே இரண்டு வாரம் வித்தியாசத்தைக் குறித்து வைக்க வேண்டும். அந்த வயலுக்கு வழக்கமான வித்தியாசம் அது. அதைத் தாண்டி இரண்டு நாள் தொடர்ந்தால் சோதிப்பது அவசியம்.

பழுதின் அறிகுறிகள்

1. அளவு அசையாமல் நிற்பது: கருவியோ கட்டுப்பாட்டுப் பெட்டியோ செயலிழந்திருக்கலாம்.

2. ஒரே நாளில் பெருமளவு ஏறுவது அல்லது இறங்குவது: ஒயர் அறுந்திருக்கலாம், இணைப்பில் நீர் புகுந்திருக்கலாம், கருவியைச் சுற்றி மண் விலகி இடைவெளி விழுந்திருக்கலாம்.

3. நாளுக்கு நாள் சிறிது சிறிதாக விலகுவது: மின்தடையை அளக்கும் வகைக் கருவியானால் உப்பு நீரும் உரமும் காரணமாகலாம்.

4. நீர் பாய்ச்சியும் அளவு ஏறாதது: உடனே கருவியைக் குறை கூறக்கூடாது. தெளிப்பான் அடைத்திருக்கலாம். வயலில் நான்கு இடங்களில் தகர டப்பாக்களை வைத்துப் பார்த்தால், நீர் விழுந்ததா என்பது தெரிந்துவிடும்.

கவனிக்க வேண்டியவை

ஈரமானி காட்டிய அளவையே மறுநாள் கணக்கின் தொடக்கமாக வைக்கக்கூடாது. வைத்தால் கருவியின் பிழை கணக்கிலும் புகுந்து, இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். முந்தைய நாள் கணக்கிலிருந்தே தொடர வேண்டும். மண்ணைத் தோண்டிப் பார்த்து உறுதி செய்த பின்பே கணக்கைத் திருத்தலாம்.

கனமழைக்குப் பின் மிகை நீர் வடியும்வரை கணக்கு ஒத்துவராது. நிலம் நன்கு காய்ந்தால் பயிர் உறிஞ்சும் நீரும் குறையும்; அப்போது ஈரம் கணக்கைவிட மெதுவாக இறங்கும். சொட்டு நீரில் நிலத்தின் ஒரு பகுதி மட்டுமே நனைவதால், மேற்கண்ட அளவுகளை அப்படியே எடுத்துக்கொள்ளக்கூடாது.

கணக்கு சந்தேகத்தை எழுப்பும். மண்தான் தீர்ப்புச் சொல்லும். சந்தேகம் வந்தால் தானியங்கியை நிறுத்திவிட்டு, கருவியின் அருகே அதே ஆழத்தில் மண் எடுத்துக் கையில் பிடித்துப் பார்க்க வேண்டும். கருவி சீராகும்வரை கணக்குப்படி நீர் பாய்ச்சி வந்தால், விழுது இறங்கும் பருவத்தில் பயிர் வாடாமல் காக்கலாம்.