தற்போதுள்ள உற்பத்திகளை மதிப்பிட்டுப் புதிய வடிவமைப்பை உருவாக்குதல்

புதிய பொருளொன்றை வடிவமைக்க முன்னர், அதே தேவைக்காக மக்கள் ஏற்கெனவே பயன்படுத்தும் பொருளை ஆராய்தல் வேண்டும். அதன் குறைகள் நீர் தீர்க்க வேண்டிய பிரச்சினையைக் காட்டும். அதன் நிறைகள் நீர் கைவிடக் கூடாதவற்றைக் காட்டும்.

மதிப்பீட்டில் கவனிக்க வேண்டியவை
1. எத்தேவைக்கானது?
2. யார், எங்கே, எப்போது பயன்படுத்துவர்?
3. பாதுகாப்பானதா?
4. மூலப்பொருள் இலகுவாகக் கிடைக்குமா?
5. விலை தாங்கக் கூடியதா?

உதாரணம்: மண்ணெண்ணெய்ப் போத்தல் விளக்கு
மின்சாரம் இல்லாத வீடுகளில் வெற்றுப் போத்தலில் மண்ணெண்ணெய் ஊற்றித் திரியிட்டு எரித்தனர். அது கவிழ்ந்ததால் பலர், குறிப்பாகச் சிறுவர்கள், தீக்காயமடைந்தனர். இலங்கைச் சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர இதற்குத் தீர்வாக 1992 இல் பாதுகாப்பான போத்தல் விளக்குத் திட்டத்தை ஆரம்பித்தார். அவருக்கு 1998 இல் றோலெக்ஸ் விருது கிடைத்தது.

குறையும் தீர்வும்
• உயரமானது, இலேசானது. எளிதில் கவிழும் – குட்டையான, பாரமான போத்தல்
• விழுந்தால் உருளும் – இரு தட்டையான பக்கங்கள்
• மூடி கழன்று எண்ணெய் சிந்தும் – புரியுள்ள உலோக மூடி
• மெல்லிய கண்ணாடி உடையும் – தடித்த கண்ணாடி

போத்தல், திரி, மண்ணெண்ணெய், குறைந்த விலை ஆகியன மாற்றப்படவில்லை என்பதைக் கவனிக்க. விலை கூடியிருந்தால் தேவையுள்ள குடும்பம் அதை வாங்கியிராது.

தேவை மாறினால் வடிவமைப்பும் மாறும்
1990களில் பொருளாதாரத் தடையால் வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் மண்ணெண்ணெய் அரிதாகியது. அங்கு முதற் பிரச்சினை எண்ணெய்ச் சிக்கனமே. எனவே மக்கள் ஜாம் போத்தலின் அடியில் பஞ்சை வைத்து, சிறிதளவு எண்ணெய் ஊற்றி, சிறு திரியைப் போத்தலுக்குள்ளேயே எரித்தனர். போத்தற் சுவர் காற்றைத் தடுத்தது. மேற்கூறிய இரண்டும் போத்தல் விளக்குகளே. ஆயினும் மதிப்பிட்ட தேவை வேறாதலால் கிடைத்த வடிவமும் வேறாயிற்று.

பரீட்சைக் குறிப்பு
“நல்லது”, “பாதுகாப்பற்றது” என்று மட்டும் எழுதினால் விடை முழுமை பெறாது. இயல்பு, விளைவு, தீர்வு ஆகிய மூன்றையும் தொடர்புபடுத்தி எழுதுக.
மாதிரி: “அடி ஒடுங்கியது, ஆகையால் கவிழும், எனவே அடியை அகலமாக்கிப் புவியீர்ப்பு மையத்தைத் தாழ்த்த வேண்டும்.”

பயிற்சி
முரசுமோட்டையில் நெல்வயலைக் காவல் செய்யும் விவசாயி ஒருவர் கொட்டிலில் இரவு முழுவதும் பயன்படுத்தச் சூரியசக்தி விளக்கொன்றை வடிவமைக்க வேண்டியுள்ளது.
(அ) சந்தையிலுள்ள விளக்கொன்றை மேற்கூறிய ஐந்து தலைப்புகளின் கீழ் மதிப்பிடுக. மழை, சேறு, பூச்சி ஆகியவற்றையும் கருதுக.
(ஆ) மாற்ற வேண்டிய மூன்று இயல்புகளையும், மாற்றாது வைக்க வேண்டிய ஓர் இயல்பையும் காரணத்துடன் எழுதுக.
(இ) உமது வடிவமைப்பைப் பரும்படியாக வரைந்து பகுதிகளைப் பெயரிடுக.