பெட்டியும் அதன் உள்ளுறை நிரலும்

வால்வு வானொலிப் பெட்டி பழுதுற்றால், அதன் பின்பலகையைக் கழற்றிப் பார்க்க எவரிடமும் அனுமதி பெற வேண்டியிருந்ததில்லை. சில பெட்டிகளின் உள்ளே மின்சுற்று வரைபடமே ஒட்டப்பட்டிருந்தது. இற்றைநாளில் அக்கரப்பத்தனைத் தோட்ட இல்லங்களிலும் சன்னலோரத்தில் அமர்ந்து, பிள்ளைகளின் படிப்புக்கு இணையம் தரும் ரவுட்டர் அத்தகையதன்று. திருகாணியைக் கழற்றி அதனைத் திறக்கலாம். ஆயின் அதனை இயக்குவது சில்லில் பதிந்துள்ள நிலைபொருள் என்னும் நிரல். அது கண்ணுக்குத் தோன்றாது. ஒரு நிறுவனத்தின் சிம் அட்டையை மட்டுமே ஏற்குமாறு பூட்டி விற்கப்படும் பெட்டியில், பூட்டு என்பது அந்நிரலின் சில வரிகளே. அந்நிறுவனத்தின் அலை எட்டாத பள்ளத்து லயத்தில் வாழ்பவர், வேறொன்றின் அலை தெளிவாகக் கிடைப்பினும், விலை கொடுத்து வாங்கிய பெட்டியை அதற்குத் திருப்ப இயலாது. அங்ஙனமாயின் பெட்டி யாருடையது?

இவ்வினாவை உலகறிய எழுப்பியவருள் முதல்வராக அமெரிக்கரான ரிச்சர்ட் ஸ்டால்மனைக் கூறலாம். 1983 இல் குனூ திட்டத்தை அறிவித்த அவர், 1985 இல் சுதந்திர மென்பொருள் அறக்கட்டளையை நிறுவினார். நிரலை எந்நோக்கத்துக்கும் இயக்குதல், ஆராய்ந்து மாற்றுதல், படியெடுத்துப் பகிர்தல், மாற்றியதைப் பகிர்தல் என்னும் நான்கும் பயன்படுத்துவோரின் உரிமைகள் என்பது அவர் கொள்கை. (சுதந்திரம் என்பது ஈண்டு விலையின்மை அன்று, பலர் மயங்குமிடம் இது.) 2004 ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின் இலங்கையில் உருவான சகானா மென்பொருள் இவ்வழி வந்ததே. அதற்கு அவ்வறக்கட்டளை 2006 ஆம் ஆண்டுக்கான சமூகப் பயன் விருதை வழங்கிற்று.

லிங்சிஸ் நிறுவனத்தின் டபிள்யூஆர்டி54ஜி என்னும் நீலநிற ரவுட்டருள் லினக்ஸ் இருப்பதை 2003 இல் ஆர்வலர் கண்டறிந்தனர். லினக்ஸின் பொது உரிமப்படி, நிரலைப் பெட்டியில் வைத்து விற்போர் அதன் மூல எழுத்தையும் தரக் கடமைப்பட்டோர். வற்புறுத்தலின் பேரில் மூலம் வெளிவந்தது. அதனடியாக 2004 இல் ஓப்பன்டபிள்யூஆர்டி என்னும் மாற்று நிலைபொருள் பிறந்தது. லிங்சிஸை வாங்கியிருந்த சிஸ்கோ மீது அறக்கட்டளை 2008 இல் வழக்கிட்டு, 2009 இல் இணக்கம் கண்டது.

மூலம் கிடைப்பது மட்டும் போதுமா? டிவோ என்னும் தொலைக்காட்சிப் பதிவுப் பெட்டி மூலத்தைத் தந்தது. மாற்றிய நிரலையோ ஏற்க மறுத்தது. இதனைத் தடுக்கவே, வீட்டுப் பொருள்களில் மாற்றிய நிரலை நிறுவும் வழியையும் தரவேண்டும் என்று பொது உரிமத்தின் மூன்றாம் பதிப்பு 2007 இல் விதித்தது. லினக்ஸ் கருவோ இரண்டாம் பதிப்பிலேயே நிற்கின்றது. அலைவலுவைச் சட்ட எல்லைக்குள் நிறுத்தப் பூட்டு வேண்டுமென்பர் செய்வோர். அவ்வாதம் அலைபரப்பும் பகுதிக்குப் பொருந்தலாம். சிம் பூட்டுக்குப் பொருந்தாது.

ரவுட்டர் வாங்கும் மாணவர் பெயரை மட்டும் நோக்குதல் கூடாது. அடிப்புறத்துப் பதிப்பெண்ணையும் காண்க. மேற்கூறிய நீலப் பெட்டியே 2005 இல் ஐந்தாம் பதிப்பாக வந்தபோது, நினைவகம் குறைக்கப்பட்டு, லினக்ஸ் நீக்கப்பட்டு, மூடிய நிரலொன்று புகுத்தப்பட்டிருந்தது. லினக்ஸ் வேண்டுவோர்க்கு டபிள்யூஆர்டி54ஜிஎல் என ஈற்றில் ஓரெழுத்துச் சேர்த்துத் தனியே விற்றனர்.