வரப்பின் காவல்

தோட்டத்துப் பாத்திக்கு அழகு தருவது அதன் கரை. கரை செம்மையாக அமைந்த பாத்தியில் நீர் நிற்கும், எரு நிற்கும், செடியும் செழித்து நிற்கும். பாத்திக்குக் கரை எப்படியோ, வயலுக்கு வரப்பும் அப்படியே. ஔவையார் மன்னனை வாழ்த்தப் புகுந்தபோது வரப்பையே முன்வைத்து வாழ்த்தினார் என்பது தமிழ் வழக்கு.

சமநிலத்தில் வரப்பு உடைந்தால் நீர் வீணாகும். மலைச்சரிவிலோ மண்ணே போய்விடும். கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாகிய சவ்வாது மலை, திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் பரந்துள்ளது. அங்கு வாழும் மலையாளிப் பழங்குடியினர் சரிவு நிலங்களில் சாமை விளைவிக்கின்றனர். பெருமழை பெய்யுங்கால் ஓடிவரும் நீர் மேல்மண்ணை அரித்துச் செல்லும். அம்மண் அம்மலையில் பிறக்கும் செய்யாற்றிலும் கீழுள்ள ஏரிகளிலும் படிந்து அவற்றைத் தூர்க்கும். ஓர் அங்குல மேல்மண் உண்டாகப் பல நூறு ஆண்டுகள் வேண்டும். அதனை இழக்கச் சில மழைகளே போதும். இவ்விழப்பைத் தடுக்க வல்லது கல்வரப்பு.

கல்வரப்பைச் சரிவுக்குக் குறுக்கே ஒரே மட்டத்தில் அமைத்தல் வேண்டும். மட்டம் காண விலையுயர்ந்த கருவி வேண்டுவதில்லை. ஒரே நீளமுள்ள இரு கோல்களை உச்சியில் சேர்த்து, அடியை அகற்றி, இடையே ஒரு குறுக்குக்கோல் கட்டுக. உச்சியிலிருந்து தூக்குக்குண்டு ஒன்றைத் தொங்கவிடுக. அதன் நூல் குறுக்குக்கோலின் நடுவே விழுமாயின், இரு கால்களும் ஒரே மட்டத்தில் நிற்கின்றன என்று அறியலாம். அம்மட்டத்தின் வழியே ஆழமில்லாத பள்ளம் தோண்டிப் பெருங்கற்களை அடியில் பதித்தல் வேண்டும்; மேலே சிறியவற்றை அடுக்கி இடுக்குகளை நிரப்புதல் வேண்டும். சாந்து பூசலாகாது. கற்களின் இடையே நீர் கசிந்து செல்லும், மண் தங்கிவிடும். நீர் தேங்கி வரப்பைத் தள்ளவும் செய்யாது.

அமைத்தலினும் காத்தலே அரிது. ஒரு கல் பெயர்ந்தால் நீர் அவ்விடத்தையே நாடும்; இன்றைய சிறு கசிவு நாளை ஓடையாகும். ஆதலின், மழை ஓய்ந்ததும் வரப்பைச் சுற்றிப் பார்த்து, விழுந்த கல்லை அன்றே எடுத்து வைத்தல் வேண்டும். வரப்போரம் வெட்டிவேர் நட்டால், அதன் வேர்கள் ஆழச் சென்று மண்ணைப் பிணிக்கும்.

பிலிப்பைன்ஸ் நாட்டு மலைகளில் இஃபுகாவோ மக்கள் அமைத்த படிக்கட்டு வயல்கள் 1995-இல் உலக மரபுச் சின்னமாக ஏற்கப்பட்டன. பேணுவோர் குறையவே கரைகள் சரிந்தன; 2001-இல் அவ்வயல்கள் அழிவை எதிர்நோக்கும் சின்னங்களின் பட்டியலில் இடம்பெற்றன. பின்னர்ச் சீர்திருத்தப்பட்டமையால், 2012-இல் அப்பட்டியலினின்று நீக்கப்பட்டன. உலகு போற்றும் கரைக்கும் நாள்தோறும் காவல் வேண்டும் என்பதற்கு இதுவே சான்று.

பள்ளித் தோட்டத்தில் பாத்தியின் கரை ஒரு பிடி சரிந்திருக்கக் கண்டால், மாணவர் அதனைக் கடந்து செல்லலாகாது. அப்பொழுதே மண்ணை அணைத்துக் கரையைச் செம்மை செய்தல் வேண்டும்.