மேகக் கணிமை நிர்வாகத்தில் செயற்கை நுண்ணறிவு உதவியாளர்

மழை அளவு, மண் பரிசோதனை முடிவு, மாணவர் வருகை முதலிய விவரங்கள் முற்காலத்தில் அலுவலகப் பேரேடுகளில் பதிந்து வைக்கப்பட்டன. இன்று அவற்றுள் பெரும்பகுதி தொலைவிலுள்ள தகவல் மையங்களில் சேமிக்கப்படுகின்றது. கம்ப்யூட்டரின் ஆற்றலையும் சேமிப்பு இடத்தையும் தேவையான அளவுக்கு இணையத்தின் வழியே பெற்றுப் பயன்படுத்தும் இம்முறைக்கு மேகக் கணிமை என்று பெயர். அமேசான் நிறுவனம் 2006-ஆம் ஆண்டில் இச்சேவையை வணிக முறையில் அளிக்கத் தொடங்கிற்று. இந்திய அரசாங்கத்தின் மேகராஜ் திட்டத்தின் கீழ் தேசிய மேகம் 2014 பிப்ரவரியில் தொடங்கி வைக்கப்பட்டது.

களப் பணியாளர் இந்தச் சர்வர்களைக் கண்ணால் காண்பதில்லை. ஆயினும், அவற்றில் செய்யப்படும் ஒரு தவறான மாற்றம் அவர் பல பருவங்களாகத் திரட்டிய குறிப்புகளை ஒரு நொடியில் அழித்துவிடக் கூடும். இப்பொழுது செயற்கை நுண்ணறிவு உதவியாளர்களும் இந்நிர்வாகத்தில் ஈடுபடுத்தப்படுகின்றனர். ஆகவே, அவர்கள் எவ்வாறு இணைக்கப்படுகின்றனர் என்பதையும், எவ்விடத்தில் எச்சரிக்கை தேவை என்பதையும் அறிந்திருத்தல் அவசியமாகும்.

நிர்வாகக் கருவிகள்

மேகத்தில் ஒரு சர்வரை நிறுவுவதற்கு எவரும் கம்பி இணைக்க வேண்டுவதில்லை. உரிய கட்டளையை அனுப்பினால் போதும். இக்கட்டளைகளை ஒழுங்குபடுத்தும் கருவிகளுள் ஒன்று, 2014-இல் வெளிவந்த டெராஃபார்ம். எத்தனை சர்வர்கள், எவ்வளவு சேமிப்பு இடம் வேண்டும் என்பவற்றை ஊழியர் ஒரு கோப்பில் எழுதுகிறார். கருவி அதனைத் தற்போதுள்ள நிலையோடு ஒப்பிட்டு, செய்ய வேண்டிய மாற்றங்களைத் திட்டமாகக் காட்டுகிறது. அத்திட்டத்தில் + என்பது புதிதாக உண்டாக்குதலையும், - என்பது அழித்தலையும், ~ என்பது இருந்த இடத்திலேயே திருத்துதலையும் குறிக்கும். -/+ என்பது பழையதை அழித்துவிட்டுப் புதியதை உண்டாக்குதலைக் குறிக்கும். ஒப்புதல் கிடைத்த பின்னரே மாற்றங்கள் நிறைவேற்றப்படும்.

உதவியாளர் இணைக்கப்படும் விதம்

மொழி மாதிரி என்பது தானாகச் சொற்களை மட்டுமே ஆக்க வல்லது. எந்தச் சர்வரையும் அது நேரே தீண்டுவதில்லை. அதனைக் கருவிகளோடு இணைப்பதற்காக ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால் என்னும் பொது விதிமுறையை வெளியிட்டது. பொது விதிமுறையின் பயனை எளிய கணக்கால் உணரலாம். 5 உதவியாளர்களை 8 கருவிகளோடு தனித்தனியே இணைப்பதாயின் 40 இணைப்புகள் வேண்டும். யாவும் ஒரே விதிமுறையைப் பின்பற்றினால், ஒவ்வொன்றுக்கும் ஒன்றாக 13 இணைப்புகளே போதும்.

வேலை நான்கு படிகளில் நடைபெறுகின்றது. முதலாவதாக, ஒவ்வொரு கருவியின் பெயர், அதன் பயன், அதற்கு வேண்டிய விவரங்கள் ஆகியவை அடங்கிய பட்டியல் உதவியாளருக்கு அளிக்கப்படுகின்றது. இரண்டாவதாக, உதவியாளர் தக்க கருவியைத் தேர்ந்து ஒரு வேண்டுகோளை எழுதுகின்றது. மூன்றாவதாக, இடையிலுள்ள நிரல் அவ்வேண்டுகோளை ஏற்று, தன்னிடமுள்ள அனுமதிச் சாவியைக் கொண்டு மேகத்திற்குக் கட்டளையிடுகின்றது. நான்காவதாக, முடிவு திரும்பி வருகின்றது. உதவியாளர் அதனை எளிய நடையில் விளக்குகின்றது. கட்டளையை நிறைவேற்றுவது மொழி மாதிரியன்று, இடையிலுள்ள நிரலே என்பது இங்கு நினைவிற்கொள்ளத்தக்கது. எனவே, கட்டுப்பாட்டையும் அந்த நிரலிலேயே வைத்தல் வேண்டும்.

ஓர் உதாரணம்

ஒரு மாவட்டத்தின் மழைப் பதிவுகள் அமேசான் மேகத்திலுள்ள ஒரு சேமிப்பு வட்டில் இருப்பதாகக் கொள்ளலாம். அவ்வட்டு மறையாக்கம் செய்யப்படவில்லை. "வட்டை மறையாக்கம் செய்க" என்று அதிகாரி உதவியாளரிடம் கூறுகிறார். உதவியாளர் டெராஃபார்ம் கோப்பில் ஒரே ஒரு வரியை மாற்றுகின்றது. மாற்றம் சிறிதே, நோக்கமும் நல்லதே. ஆனால், திட்டத்தில் அவ்வட்டுக்கு எதிரே -/+ என்னும் குறி தோன்றுகின்றது. ஏனெனில், ஏற்கெனவே உள்ள வட்டை அப்படியே மறையாக்கம் செய்ய அம்மேகத்தில் வழியில்லை. ஒப்புதல் அளித்தால் பழைய வட்டு அழிந்து, வெறும் புதிய வட்டு ஒன்று கிடைக்கும். மழைப் பதிவுகள் போய்விடும்.

சரியான முறை வேறு. முதலில் வட்டிலிருந்து ஸ்னாப்ஷாட் எனப்படும் நகலை எடுத்து, அதிலிருந்து மறையாக்கம் பெற்ற புதிய வட்டை உண்டாக்க வேண்டும். பதிவுகள் முழுமையாக உள்ளனவா என்று சரிபார்த்த பின்னரே பழைய வட்டை நீக்கலாம். உதவியாளர் தரும் சுருக்கத்தை மட்டும் படித்து ஒப்புதல் அளிப்பவர் இவ்வபாயத்தைக் காணாமற் போகலாம். திட்டத்தையே படிப்பவர் கண்டுகொள்வார்.

காவல் முறைகள்

தவறு மனிதரிடமும் நேரும். 2017 பிப்ரவரி 28 அன்று, அமேசானின் வடக்கு வர்ஜீனியா மண்டலத்தில், சில சர்வர்களை விலக்குவதற்கான கட்டளையில் ஓர் ஊழியர் ஒரு விவரத்தைத் தவறாகக் கொடுத்தார். கருதியதைவிட மிகுதியான சர்வர்கள் விலகின. எஸ்-3 சேமிப்புச் சேவை சுமார் நான்கு மணி நேரம் பாதிக்கப்பட்டது. அதன் பின்னர், சர்வர்களை மெதுவாக மட்டுமே விலக்கும்படியும், குறைந்தபட்ச அளவுக்குக் கீழே செல்லாதபடியும் அக்கருவி திருத்தப்பட்டது. எச்சரிக்கையாக இருக்கும்படி ஊழியருக்குக் கூறுவதோடு நில்லாமல், கருவியிலேயே தடை அமைக்க வேண்டும் என்பது இதன் படிப்பினை.

உதவியாளருக்கும் இது பொருந்தும். பின்வரும் விதிகள் பயன் தரும்:

1. தொடக்கத்தில் படிக்கும் அனுமதி மட்டும் அளிக்கப்பட வேண்டும். மாற்றும் அனுமதி பின்னர், தேவைக்கேற்ப அளிக்கப்படலாம்.

2. உதவியாளருக்குத் தனி அடையாளமும், குறுகிய காலமே செல்லும் சாவியும் இருத்தல் வேண்டும். அதிகாரியின் முழு அதிகாரத்தை அதற்கு அளித்தல் கூடாது.

3. மின்கம்பியில் வேலை செய்பவர் லைன் கிளியர் பெறாமல் கம்பத்தில் ஏறாதது போல, மனிதரின் ஒப்புதலின்றி எதுவும் அழிக்கப்படலாகாது.

4. உதவியாளர் படிக்கும் கோப்புகளில் பிறர் புகுத்திய கட்டளை வாசகங்கள் இருக்கக் கூடும். மொழி மாதிரி அவற்றை உண்மையான உத்தரவாக எடுத்துக்கொள்ளும் அபாயம் உண்டு. முதல் மூன்று விதிகளும் இதனால் விளையும் தீங்கையும் குறைக்கும்.

5. ஒவ்வொரு வேண்டுகோளும் நாட்குறிப்பில் பதிவாக வேண்டும்; நகல்களிலிருந்து பதிவுகளை மீட்க முடிகிறதா என்பது அவ்வப்போது சோதிக்கப்பட வேண்டும்.

இவ்விதிகளுக்கு உட்பட்டு நடத்தப்படும் உதவியாளர் நீண்ட குறிப்புகளைத் துரிதமாகப் படித்து, பழுதின் காரணத்தை ஆராய்ந்து, திட்டத்தை வரைந்து கொடுத்து மிக்க துணையாக விளங்கும். ஒப்புதலின் பொறுப்போ மனிதரிடமே உள்ளது.

பயிற்சி வினாக்கள்

1. 6 உதவியாளர்கள், 10 கருவிகள் உள்ள இடத்தில், பொது விதிமுறை இருந்தால் எத்தனை இணைப்புகள் வேண்டும்? இல்லாவிடில் எத்தனை?

2. ~, -/+ ஆகிய குறிகளுள் எதனைக் கண்டவுடன் நகல் உள்ளதா என்று கேட்க வேண்டும்? ஏன்?

3. கட்டுப்பாட்டை மொழி மாதிரியிடம் விடாமல் இடையிலுள்ள நிரலில் வைப்பதன் காரணம் யாது?