பாரத்தினுள் தகரம்

வழக்கமான குறுக்கெழுத்துப் போட்டிக்கு அகராதி போதும். சொல்லைப் பிரித்தும் சேர்த்தும் விடை காணும் புதிர் வேறு வகை. கலிபோர்னியாவில் 2000இல் தொடங்கப்பெற்ற 'தென்றல்' இதழில் வாஞ்சிநாதன் அத்தகையவற்றைத் தமிழில் அமைத்துள்ளார்.

ஒன்றை அவிழ்த்துப் பார்ப்போம்: "பாரத்தினுள் தகரம் ஏற்றினால் நம் நாடு (4)."

படித்தவுடன் சுமைவண்டி மனக்கண்ணில் தோன்றும், பொறி அதுவே. விடையின் பொருள் குறிப்பின் முதலிலோ இறுதியிலோதான் நிற்கும். இங்கே 'நம் நாடு' இறுதியில் உள்ளது. எஞ்சியது எழுத்து வேலை. தகரம் உலோகமன்று, 'த' என்னும் எழுத்தின் பெயர். பா-ர-ம் என்பதனுள் அதனை வைக்கப் பாரதம் ஆகும். அடைப்பிலுள்ள 4 எழுத்தெண்ணிக்கை. மெய்யும் ஓரெழுத்தாகவே எண்ணப்படும்.

அடுத்தது, "பாரதத்தில் இடையினம் நீங்கின் அடி (3)." பாரதத்தில் இடையின எழுத்து ரகரம் ஒன்றே, அது போகப் பாதம். மூவினத்தை மனப்பாடமாக மட்டும் ஒப்பித்தவர்க்கு இங்கே கை ஓடாது! முதலெழுத்தை நீக்கினால் ரதம். அதற்கான குறிப்பைப் பிள்ளைகளே எழுதட்டும்.

மேனாட்டில் குறுக்கெழுத்துப் பிறந்தது 1913இல். ஒரு சொல்லில் எழுத்தை ஒவ்வொன்றாய் நீக்கி வேறு வேறு பொருள் காட்டுவதற்கோ, தண்டியலங்காரம் அதற்குப் பல நூற்றாண்டு முன்னரே 'அக்கரச்சுதகம்' எனப் பெயரிட்டுவிட்டது.

வெள்ளாற்றங்கரைத் திட்டக்குடியார்க்கு 'ஆறு' என்றதும் நீரே நினைவில் எழும். புதிரில் அது எண்ணாகலாம், வழியாகலாம். நகரம், மகரம், சிகரம் எனக் கண்டாலும் எழுத்தோ என்று முதலில் ஐயுறுக.